தாம்பூலத்தில் ஒரு துண்டு ஜரிகை

10-6-1970, புதன்

மதராஸிலிருந்து நேற்றுத்தான் காஞ்சிக்குத் திரும்பினேன். கூட்டுறவுச் சங்கங்களில் விற்பனை பார்க்கிறவர்களுக்கு ஒரு வாரம் மார்க்கெட்டிங் வகுப்பு. கோட்டு போட்ட ஒருவர் கரும்பலகையில் நான்கு வார்த்தை எழுதினார்: பொருள், விலை, இடம், விளம்பரம். இந்த நான்கும் சரியாக இருந்தால் எந்தச் சரக்கும் தேங்காது என்றார். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டியது ஒன்று உண்டு, வாங்குகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்றும் சொன்னார். அப்போது காபி வந்துவிட்டது. நான் நான்கை மட்டும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் மயில்வாகனம் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி வள்ளியின் அண்ணன், எங்கள் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்கிறவர். வைகாசி முகூர்த்த விற்பனை ஏமாற்றிவிட்டது. அலமாரியில் சேலைகள் கூரை முட்டக் கிடக்கின்றன. அவை விற்கும்வரை யாருக்கும் தறியில் ஏற்றப் புதுப் பாவு நூல் கிடையாது என்று நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கமிட்டி முடிவெடுத்துவிட்டது. பட்டு நூலும் ஜரிகையும் சங்கம் கொடுத்தால்தான் தறி ஆடும்.

"தறில இருக்கறது கடைசிப் பாவு மாப்ள. இத்த அறுத்துட்டா, திரும்பக் குமாரசாமி கிட்ட போய்க் கைகட்டிக்கினு நிக்கணுமா?"

குமாரசாமி முதலாளிக்குச் சன்னதித் தெரு முனையில் பெரிய கடை. மச்சான் முன்பு அவருக்குத்தான் நெய்துகொண்டிருந்தார். பார்டரும் உடலும் சேருமிடத்தில் ஏதோ சின்னக் குறை என்று, நாலு பேர் பார்க்கச் சேலையைத் தெருவில் வீசியெறிந்தார் முதலாளி. மச்சான் குனிந்து பொறுக்கிக்கொண்டு வந்தவர்தான், அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

"ஆவணிக்குள்ள பாவு வாங்கித் தரேன் மச்சான். கவலைய விடுங்க."

வள்ளி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எப்படி வாங்குவது என்று இன்னும் யோசிக்கவில்லை.

14-6-1970

சங்கத் தலைவர் அப்பாதுரை ஐயாவைப் பார்த்தேன். அவர் யோசிப்பதற்கு முன் மூக்குப்பொடி போடுவார். போட்டதும் யோசிக்க வந்த விஷயம் மறந்துவிடும். இன்று மறக்கவிடவில்லை. நான்கு வார்த்தைகளையும் ஒப்பித்தேன்.

"பொருள் நம்மது முதல் தரம்" என்றார்.

"ஆமாம் ஐயா."

"இடம்?"

எங்கள் கடை சந்துக்குள் இருக்கிறது. கோயிலுக்கு வருகிற வெளியூர்க் கூட்டத்தைப் பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கிக் குமாரசாமி கடைக்கு ஓட்டிப்போகத் தரகர்கள் இருக்கிறார்கள். இடத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் இரண்டு. விளம்பரத்தில் ஆரம்பிப்பது என்று முடிவு.

28-6-1970, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

சினிமாக் கொட்டகையில் சிலைடு போட ஏற்பாடு செய்திருந்தேன். மயில் படம், கோபுரம், கீழே 'அசல் காஞ்சிப் பட்டுக்கு நமது சங்கம்'. மதியக் காட்சிக்கு மச்சானையும் கூட்டிப்போனேன். இடைவேளையில் சிலைடு விழுந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்:

"டேய், காலைலேர்ந்து அத்தத்தான்டா நெய்துக்கினு இருந்தேன்! இங்கயும் வந்துட்டியா?"

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. தரை டிக்கெட், பெஞ்சு, சேர், எங்கே திரும்பினாலும் தறிக்காரன், சாயக்காரன், பாவு தோய்க்கிறவன். ஊரே நெய்கிற பொருளை அந்த ஊருக்கே விளம்பரம் செய்திருக்கிறேன். எங்கள் பெண்கள் கட்டுவதே நூல் சேலைதான். பட்டு எடுப்பது கல்யாணத்துக்கு ஒன்று, அதையும் சொந்தத் தறியிலேயே நெய்துகொள்வார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மயில் படம் போட்டேன்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "மயிலு நல்லா இருந்துச்சு மாப்ள" என்றார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

9-7-1970

மச்சான் நெய்து முடித்துப் பாவு அறுத்துவிட்டார். கடைசிச் சேலை சங்கத்துக்கு வந்தது. அரக்கு உடல், பச்சை பார்டர். சேலையோடு, தறியில் மிஞ்சிய ஜரிகை நுனியையும் முடிந்து கொடுத்தனுப்பியிருக்கிறார். அது நெய்கிறவருக்குச் சேரவேண்டியது, சங்கத்துக்கு யாரும் தருவதில்லை. "நீயே வெச்சிக்க மாப்ள, கைராசியா இருக்கட்டும்" என்றாராம்.

அவர் இடதுகைக்காரர். அவர் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும். முடிச்சைப் பார்த்தே யார் தறி என்று சொல்லிவிடலாம்.

24-7-1970, ஆடி இரண்டாம் வெள்ளி

விலை. குறைத்தேன். 'ஆடித் தள்ளுபடி' என்று சந்து முனையில் துணி கட்டினேன். அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் சிலர் நிஜமாகவே சந்துக்குள் வந்தார்கள்.

பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து பூவம்மாள் என்று ஓர் அம்மா. நெல் விவசாயம். பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணமாம். ஆடியில் கல்யாணச் சேலை எடுக்கமாட்டார்கள், சும்மா பார்த்து வைக்க வந்திருக்கிறார். மச்சானின் அரக்குச் சேலையை எடுத்துப் போட்டேன். கண் விரிந்தது. விலையைச் சொன்னதும் சுருங்கிவிட்டது.

"ஏம்பா, முனைக் கடையில இதே மாதிரிக்கு அவ்ளோ சொல்றான். நீ எப்டி இவ்ளோ கம்மியா தர்ற? ஜரிகை சுத்தமா?"

"அசல் வெள்ளி ஜரிகைம்மா. தள்ளுபடி, அதனாலதான்."

"நல்ல சரக்கை ஏம்பா தள்றீங்க?"

முந்தானையை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினேன். அவர் நகத்தால் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. அசலுக்கு அதுதான் அடையாளம் என்றேன். போலிக்காரனும் சிவப்பு நூல் வைக்கிறானாமே என்றார்.

"நாங்க கட்டிக்கினு ஆடறதுக்கு மட்டும் பட்டு எடுக்கல தம்பி. ஏரி வத்திச்சுன்னா, நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா, அந்த ஜரிகைய அழிச்சா வெள்ளி வரணும். எங்க ஊரு ஆசாரி பாத்துச் சரின்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

எழுந்து போய்விட்டார். நான்தான் சேலையை மடித்தேன்.

3-8-1970

தள்ளுபடித் துணியை அவிழ்த்துவிட்டேன். சங்கத்துச் சேலையில் போலி ஜரிகை என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சாம். தரகர்கள் வாய்க்கு அவல் கொடுத்தது நான்தான். அப்பாதுரை ஐயா பொடி போட்டார், இம்முறை விஷயத்தை மறக்கவில்லை.

"நாலு வார்த்தையில ரெண்டு போச்சு. மிச்ச ரெண்டையாவது விட்டு வைப்பா."

11-8-1970

மச்சான் தறியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். போனால், "வாங்க மாப்ள" என்பதற்கு மேல் பேச்சில்லை.

23-8-1970, ஞாயிறு

ஆவணி பிறந்ததும் என் மண்டையில் இன்னொன்று உதித்தது. ஜரிகை மேல்தானே சந்தேகம்? கண்ணெதிரே எரித்துக் காட்டிவிட்டால்? பட்டு சாம்பலாகும், வெள்ளி நிற்கும். எவன் வாயைத் திறப்பான்?

காலையில் கடை வாசலில் கும்முட்டி அடுப்பை மூட்டினேன். மாதிரிக்கு வைத்திருந்த பழைய சேலை ஒன்றின் பார்டரை வெட்டி இரும்புக் கரண்டியில் போட்டு எரித்தேன். கூட்டம் சேர்ந்தது. கரி போனபின் வெள்ளி பளிச்சென்று திரண்டு நின்றது. ஒரு பெரியவர் கையே தட்டினார். இன்னொரு துண்டு போட்டேன். நெஞ்சு நிமிர்ந்துபோயிற்று எனக்கு.

அப்போதுதான் வாலாஜாபாத்திலிருந்து கல்யாணக் கோஷ்டி வந்தது. தட்டில் பூ, பழம், மஞ்சள் குங்குமம். முகூர்த்தப் புடவை எடுக்க நல்ல நேரம் பார்த்துச் சந்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். முன்னால் வந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். அடுப்பைப் பார்த்தாள். கரண்டியில் எரிவது பட்டு என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ, கல்யாணப் புடவை எடுக்க வந்த எடத்துல கொள்ளியா வெச்சிக்கினு இருக்கீங்க!"

கூட வந்த கல்யாணப் பெண் அழ ஆரம்பித்தாள். பூத்தட்டோடு திரும்பி ஓடினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்லி நிறுத்துவது? கூட்டமும் கலைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்பே வந்திருக்கிறது. வள்ளி ஆடித் தீர்த்துவிட்டாள்.

"பட்டு எரிஞ்சா மயிர் எரியற நாத்தம் வரும்ன்றது தெரியாதா உங்களுக்கு? சுடுகாட்டு நாத்தங்க அது!"

தெரியவில்லை. அதுதான் உண்மை. எங்கள் தெருவில் நூல் வந்ததும் ஓர் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்போம். அந்த வாடை வந்தால் அசல் பட்டு என்று சந்தோஷப்படுவோம். பிறந்ததிலிருந்து எனக்கு அது நல்ல வாடை. மற்றவர்களுக்கு அது பிணம் எரியும் வாடை என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே! என் மூக்கை வைத்து ஊர் மூக்கை அளந்திருக்கிறேன். சிலைடும் அப்படித்தான். தள்ளுபடியும் அப்படித்தான். என் கண்ணுக்கு எது நன்றாக இருந்ததோ அதைத்தான் மூன்று தடவையும் செய்திருக்கிறேன். வாங்குகிறவள் யார் என்று கேட்டேனா?

காபி வந்துவிட்டது என்று நான் குறித்துக்கொள்ளாமல் விட்ட வாக்கியம் அதுதான்.

24-8-1970

கடைக்கு ஒருவரும் வரவில்லை.

2-9-1970, புதன்

மயில்வாகனம் மச்சான் குமாரசாமியிடம் போய்விட்டார். அடுத்த ஆடிவரை அவருக்கே நெய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. வள்ளியிடமும் சொல்லவில்லை. முதலாளியின் ஆள் பாவை மச்சான் வீட்டுக்குத் தூக்கிப்போவதைத் தெருவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வள்ளி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சோறு போட்டாள், போனாள்.

ஆவணிக்குள்ள பாவு வாங்கித் தரேன் என்று இந்த வாய்தானே சொன்னது.

6-9-1970, ஞாயிறு

தாமலுக்குப் போய் வந்தேன்.

காலையில் மேஜையில் கிடந்த அந்த ஜரிகை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'எங்க ஊரு ஆசாரி பாத்துச் சரின்னாத்தான்' என்று அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது எனக்கு அவமானமாகப் பட்டது. உண்மையில் தனக்கு என்ன வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்! நான் எரித்துக் காட்டினால் அது என் வித்தை. அவர்கள் ஆசாரி தொட்டுச் சொன்னால் அது அவர்கள் நம்பிக்கை. வகுப்பு எடுத்த கோட்டுக்காரரும் இதைத்தான் சொல்லவந்தாரோ என்னவோ.

ஏரிக்கரையோரம் விசாரித்துப் போனேன். பூவம்மாள் களத்தில் இருந்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், நடுவில் அந்த ஜரிகைத் துண்டு. தட்டோடு நீட்டினேன்.

"நீங்க பாத்தீங்களே அரக்குச் சேலை, அது நெய்த தறியில மிஞ்சினது. உங்க ஆசாரி கிட்ட காட்டுங்க. ஒரசுவாரோ உருக்குவாரோ, அவர் இஷ்டம். நான் கூட வரமாட்டேன்."

"சேலை எங்க?"

"கொண்டாரலம்மா. விக்க வரல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மோர் கொடுத்தார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அரக்குச் சேலையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பழைய விலையில். இனிமேல் குறைப்பதாக இல்லை.

13-9-1970

தாமலிலிருந்து தகவல் இல்லை.

27-9-1970

இல்லை. புரட்டாசியில் யார் வரப்போகிறார்கள். என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

18-10-1970, ஞாயிறு

வந்தார்கள்!

ஐப்பசி பிறந்த கையோடு பூவம்மாள் வந்தார். தனியாக இல்லை, பஸ்ஸில் பாதி அவர் கூட்டம்தான். சந்துக்குள் பேச்சும் சிரிப்புமாக நுழைந்தபோது நான் பாய் விரிக்க ஓடினேன்.

"எங்க ஆசாரி கையில வெச்சிப் பாத்துட்டு, ஒசத்தி ஜரிகைன்னுட்டாரு. எடு அந்த அரக்க" என்றார் பூவம்மாள். விலையில் பேரம்கூடப் பேசவில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க ஊரச் சுத்தி இன்னும் நாலு கல்யாணம் இருக்குது. அவங்களுக்கும் தாம்பூலத்துல ஜரிகைத் துண்டு வெச்சிக் குடு. அங்கங்க ஆசாரி கிட்ட காட்டிக்குவாங்க" என்றார்.

கொடுத்தேன். வேறு தறிகளில் மிஞ்சிய நுனிகளை நெசவாளர்களிடம் கொஞ்சம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பூவம்மாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முடிச்சு அந்தப் பக்கம் திரும்பல. எனக்குக் குடுத்த மாதிரி முடிச்சு இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முடிச்சுல இன்னாம்மா இருக்குது? ஜரிகை எல்லாம் ஒண்ணுதான், சங்கம் குடுக்கறது."

"அப்டியா" என்று வாங்கிக்கொண்டார். முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை.

8-11-1970

தீபாவளிக்கும் ஐப்பசி முகூர்த்தத்துக்கும் சேர்த்து அலமாரி பாதி காலி. சந்து முனையில் வெளியூர்க்காரர்கள், 'ஜரிகைத் துண்டு குடுக்கிற கடை எது' என்று கேட்டு வருகிறார்கள். எங்கள் சங்கத்தின் முழுப் பெயர் இத்தனை வருஷத்தில் யார் வாயிலும் நின்றதில்லை, இது நிற்கிறது. பார்டர் நுனியை விட்டுக்கொடுக்க நெசவாளர்களுக்கு முதலில் முணுமுணுப்பு. சேலை போக ஆரம்பித்ததும் தாங்களே முடிந்து கொண்டுவருகிறார்கள்.

மயில் படத்தால் ஆகாதது, விலைக் குறைப்பால் ஆகாதது, ஒரு முழம் நூலால் ஆகிறது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், இதை ஜூன் மாதமே செய்திருந்தால் மச்சான் போயிருக்கமாட்டாரே என்று அறுத்துக்கொண்டே இருக்கிறது.

29-11-1970

கமிட்டி கூடியது. எல்லா நெசவாளருக்கும் மறுபடி பாவு. அப்பாதுரை ஐயா பொடி டப்பாவை என் பக்கம் நீட்டினார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. தும்மித் தீர்த்தேன்.

மச்சான் பெயருக்கும் ஒரு பாவு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஆடிவரை வாக்கு இருந்தால் இருக்கட்டும். குமாரசாமி அதற்குள் அவரை எத்தனை தடவை அவமானப்படுத்துவாரோ. ஏதாவது பேசி மீட்டுவிடலாம் என்று வள்ளியிடம் சொன்னேன். நீண்ட நாளைக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

6-12-1970, ஞாயிறு

காலையில் வாலாஜாபாத்துப் பெண்கள் இருவர் வந்தார்கள். ஒருத்தி கையில் குமாரசாமி கடைப் பை. சேலைகளைப் புரட்டிவிட்டு, தாம்பூலத்தை நான் நீட்டியதும், "அங்கயும் ஜரிகை தராங்கபா" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். நடுவில் ஜரிகைத் துண்டு. அப்படியே காப்பி அடித்திருக்கிறார் மனிதர். என் யோசனை! கோபம் தலைக்கேறியது. அப்புறம் முடிச்சைப் பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

"உங்களுது இந்த மாதிரி இல்லியே. இந்த முடிச்சுதான் நல்லதுன்னு தாமல்ல சொல்றாங்க" என்றாள் மற்றவள். இருவரும் வாங்காமல் போய்விட்டார்கள்.

அன்றைக்கே பூவம்மாள் கேட்டார். நான் சிரித்தேன். வாங்குகிறவர் வாய்விட்டுக் கேட்டதை இரண்டாம் முறையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் ஆசாரி பார்த்தது ஜரிகையை மட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒசத்தி என்ற அந்தத் துண்டில் அவர்கள் மனதில் நின்றது முடிச்சு.

மாலையில் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். தறியில் முதலாளியின் பாவு, மாம்பழ நிறம். தறியில் உட்கார்ந்தபடியே, "வாங்க மாப்ள" என்றார்.

"உங்க முடிச்சப் பாத்தேன் மச்சான்."

கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"துண்டு முடிஞ்சு குடுன்னாரு முதலாளி. எனக்குத் தெரிஞ்ச முடிச்சு அது ஒண்ணுதான் மாப்ள. உனக்கு எதிரா எதுவும் பண்ணணும்னு..."

"அதுக்கு வரல மச்சான். பாவு கொண்டாந்திருக்கேன். அவர் உங்கள எப்டி நடத்துறாரோன்னு..."

அப்போதுதான் நிமிர்ந்தார். முகத்தில் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன.

"முதல்ல மாதிரி இல்ல மாப்ள. வர்றவங்க எல்லாம் இந்த முடிச்சுத் தறிச் சேலைதான் வோணும்ன்றாங்களாம். நேத்து முதலாளியே ஊட்டுக்கு வந்தாரு. இப்டி எங்கூட ஒக்காந்து காபி குடிச்சாரு. சேலைய ரெண்டு கையாலயும் வாங்கிக்கினு போனாரு."

நல்லது மச்சான் என்றேன். நிஜமாகவே நல்லதுதான். அவர் யாரிடம் தலைகுனியக்கூடாது என்று ஆறு மாதமாகத் தவித்தேனோ, அந்த ஆளே வீடு தேடி வந்திருக்கிறார். அதைச் செய்ததும் நான் தாமலுக்குக் கொண்டுபோன துண்டுதான். சங்கத்துக்குத்தான் அந்த முடிச்சு இல்லாமல் போயிற்று.

பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பியதைப் பார்த்து வள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணன் வாங்கிக்கலியா?"

"தறியில எடம் இல்ல."

"அண்ணன் எப்டி இருக்குது?"

"நல்லா இருக்காரு வள்ளி. ரொம்ப நல்லா இருக்காரு."

பாவை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நாளைக்கு இதை வேறு யாருக்காவது கொடுக்கவேண்டும்.